அண்ணி போனால் துள்ளும் மீன்கள்

பல் டாக்டரின் ஆள்காட்டி விரலில் இரண்டாவது கட்டு விழுந்த அன்று சாயங்காலம் அவர் அண்ணிக்குப் போன் செய்தார். அண்ணி அடுப்படியில் நின்று ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி மறு கையால் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். எட்டாவது மாதம். கை எண்ணெயாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டாள். அதனால் வீட்டில் இருந்த எல்லோரும் கேட்டோம்.

"ஏம்மா, உங்க மீன் இன்னைக்கும் துள்ளிடுச்சு," என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "ஆறு வயசுப் பையன். அதுவரைக்கும் அழகா வாயைத் தொறந்து வெச்சிருந்தான். திடீர்னு மேல ஒரே மின்னல். பயந்துபோய் டப்புன்னு மூடிட்டான். உள்ள என் விரல்."

"ரொம்பக் கடிச்சுட்டானா டாக்டர்?"

"போன வாரம் கடிச்ச பாப்பாவுக்குப் பால்பல்லு. இவனுக்கு முளைச்சு ரெண்டு மாசமான புதுப்பல்லு."

"நாளைக்குக் காலைல வந்து பாக்கறேன்."

"நீங்க வந்தா அது ஒழுங்காத்தானே இருக்கும்? அதானேம்மா பிரச்சினையே." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க. சனிக்கிழமையிலேருந்து நீங்க படுக்கையிலதான் இருக்கணும்னு உங்க டாக்டர் சொல்லியிருக்காங்க. நீங்க வராத மாசமெல்லாம் நான் எத்தனை விரலை வெச்சு சமாளிக்கறது? சனிக்கிழமை மத்தியானம் ஆள் வரச் சொல்லிட்டேன். மீனைக் கழட்டிட்டு சாதா விளக்கு போட்டுடறேன்."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்குல்ல டாக்டர்?"

"இருக்கு. வெள்ளிக்கிழமை நீங்க வீட்டுக்குப் போனதுக்கு அப்புறமும் அது ஒழுங்கா எரியணும். அவ்வளவுதான்."

அன்று நாங்கள் சாப்பிட்ட வெங்காயம் கருப்பாக இருந்தது.

அண்ணன் தையல்காரன். துணியை மீட்டர் கணக்கில் அளப்பவன். அண்ணி கையில் எந்நேரமும் இருப்பது கரண்டை அளக்கும் மீட்டர். தெருவில் எங்கள் வீட்டுக்கு ‘மீட்டர் வீடு’ என்று பெயர். தபால்காரர்கூட அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வருவார்.

கல்யாணத்துக்கு முன்பு அண்ணி ஒரு தொழிற்சாலையில் ஏழு வருஷம் சால்டர் வைத்தவள். நெல்மணி அளவு இடத்தில் ஈயச் சொட்டு வைத்து, அடுத்த பலகையை இழுத்துக்கொள்வது வேலை. அந்தப் பழக்கத்தில் இன்றும் தோசைக் கல்லில் எண்ணெய் விடும்போது ஒரே ஒரு சொட்டுத்தான் விடுவாள். அம்மாவுக்கும் அவளுக்கும் அதில் நெடுநாள் வழக்கு உண்டு.

மணிவிளக்குகளோடு அவளுக்குப் பழக்கம் ஏற்பட்டது அண்ணன் கடைப் பலகையில்தான். பிக்சல் என்கிற அந்த விளக்குகளில் ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு பொடிச் சில்லு உண்டு. சிவப்பாக எரி, நீலமாக எரி என்று சேதி அனுப்பினால் அதன்படி நிறம் மாறும். அண்ணன் ஆசைப்பட்டுப் பலகை முழுக்க அதை வைத்தான். முதல் எழுத்துகள் பளீரென்று வெள்ளையாக எரிந்தன. கடைசி இரண்டு எழுத்து மட்டும், யாரோ அவற்றிடம் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டதுபோல் சிவந்து நின்றன. மாட்டிக் கொடுத்தவன் "அது டிசைன் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அண்ணி கல்யாணமாகி வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கடை வாசலில் நின்று பலகையைப் பார்த்தாள். பைக்குள்ளிருந்து மீட்டரை எடுத்து ஆரம்பத்தில் அளந்தாள், கடைசியில் அளந்தாள்.

"இங்க அஞ்சு வோல்ட் இருக்கு. அங்க மூணரைதான் இருக்கு. கரண்ட் நடந்து நடந்து களைச்சுப்போய் வந்து சேருதுங்க. வரிசையில கடைசியா நிக்கறவனுக்குத் தண்ணி வரலேன்னா, அவன் குடத்தையா மாத்துவீங்க? அந்தப் பக்கமும் ஒரு குழாய் வைங்க."

அவளே இன்னொரு ஜோடி ஒயரை இழுத்துக் கடைசியில் கொடுத்தாள். எழுத்துகள் வெளுத்தன. அண்ணன் அன்று கடையை மூடாமல் ரொம்ப நேரம் எதிர்ப்பக்கம் நின்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பலகையைத்தான் பார்த்தான் என்று எங்களிடம் சொன்னான்.

பிறகு பக்கத்து மருந்துக்கடை, அதற்குப் பக்கத்து ஓட்டல். பிறகு ஒரு காண்ட்ராக்டரிடம் நாலு வருஷம். அங்கே ஆண்கள் எல்லோரும் அணைந்துபோன மணியைத்தான் முதலில் மாற்றுவார்கள். அண்ணி அதைத் தொடவே மாட்டாள். "எரியாத பயலை விடுங்க. கடைசியா எரியறான் பாருங்க, அவன் சட்டையைப் பிடிங்க," என்பாள். சேதி ஒவ்வொரு மணியாகக் கைமாறித்தான் போகும். பத்தாவது மணி இருண்டு கிடந்தால், ஒன்பதாவது மணி தன் பங்கை வாங்கிக்கொண்டு மீதியை விழுங்கிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். வீட்டிலும் அவளுக்கு இதே சட்டம்தான். சண்டை வந்தால், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டுக் கடைசியாகப் பேசியவரைப் பிடிப்பாள். அது பெரும்பாலும் அண்ணன்.

இந்த வருஷம்தான் தனியாக வேலை எடுப்பதென்று காண்ட்ராக்டரிடமிருந்து விலகினாள். தன் பெயரில் நூறு கார்டு அச்சடித்தாள். ஒன்று பல் டாக்டரிடம் போயிற்று. இன்னொன்றை அண்ணன் தையல் மெஷினுக்கு மேலே உள்ள கண்ணாடிச் சட்டத்தில் செருகிவைத்தான். மீதி தொண்ணூற்றெட்டும் அலமாரியில் கட்டுக் கலையாமல் இருந்தன. டாக்டரின் கூரைதான் அவள் பேரில் எடுத்த முதல் வேலை. அதைக் கழற்றி இறக்கினால் அந்தத் தொண்ணூற்றெட்டையும் யாரிடமும் நீட்ட முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

டாக்டர் பார்ப்பது பெரும்பாலும் குழந்தைகளை. படுக்கும் நாற்காலிக்கு நேர் மேலே, பால் வெள்ளைத் தகட்டுக்குப் பின்னால், அறுநூறு மணிகள். அதில் ஏழு மீன்கள் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு அவசரமில்லாமல் போய்த் திரும்பி வரும். குழந்தை மீனை எண்ணும். எண்ணும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும். டாக்டருக்கு வேண்டியது அதுதான். மூன்று மாதத்துக்கு முன்பு, கட்டடத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோதே அண்ணி ஒயர் இழுத்துக் கூரையை மூடிவிட்டாள். அறை திறந்து மீன்கள் நீந்த ஆரம்பித்தது இரண்டு வாரமாகத்தான்.

அன்றிலிருந்தே தொல்லைதான். அண்ணி அங்கே இருக்கும்வரை மீன்கள் சமர்த்தாக நீந்தும். அவள் கிளம்பி வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் வரும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை அவள் மணிச்சரத்தின் கடைசிக்குத் தனியாகக் கரண்ட் கொடுத்தாள். மீன்கள் அரை மணி நேரம் நீந்தின. வீட்டுக்கு வந்தாள். போன் வந்தது. புதன்கிழமை, சேதியை முதலில் வாங்கும் மணிகளை மாற்றினாள். பெரிய பவர் பெட்டியையும் புதிதாக வைத்தாள். மேலே ஏறிச் செய்ய, பழைய இடத்திலிருந்து தெரிந்த ஆள் ஒருவரைக் கூட்டிப் போயிருந்தாள். போன் வந்தது. வியாழக்கிழமை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தாள். அன்று பஸ்ஸில் இருக்கும்போதே வந்துவிட்டது.

டோக்கன் கொடுக்கும் அக்காவுக்கு இதில் சந்தேகமே இல்லை. "இது ராசிங்க. உங்களைப் பாத்தா அடங்குது, நீங்க போனா ஆடுது. எங்க வீட்டுக்காரர் என்னைப் பாத்தா இருக்கற மாதிரி."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"உங்க செருப்பையாவது விட்டுட்டுப் போங்க."

அண்ணி சிரித்தாள். ஆனால் புதன்கிழமை பழைய செருப்பு ஒரு ஜோடியைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டு வந்தாள் என்பது எனக்குத் தெரியும். மீன்கள் செருப்பை மதிக்கவில்லை.

வியாழக்கிழமை சாப்பிடும்போது அண்ணன் சொன்னான்: "ஒண்ணு பண்ணலாம். உன் சேலையைக் கட்டிக்கிட்டு நான் போய் உக்காந்துக்கறேன். மீனுக்கு என்ன தெரியப் போகுது?"

"ஜாக்கெட்டுக்கும் அலைய வேண்டாம். நீங்களே தச்சுக்குவீங்க."

"அளவு எடுக்கத்தான் ஆள் வேணும்."

"உங்க இடுப்புக்கு உங்க டேப்பே பத்தாதுங்க."

"உன் இடுப்புக்கு மட்டும் பத்துதா இப்ப?"

அண்ணி சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "நான் போறப்ப என்கூட ஏதோ ஒண்ணு போகுது. அது என்னன்னு தெரியல. நான் போறதை நானே பாக்க முடியலையே. அந்த ரூம்ல மேல பாக்கறவங்க எல்லாரும் வாயைத் தொறந்துகிட்டு இருக்காங்க. ஒருத்தரும் பேச மாட்டாங்க."

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "தம்பி, நாளைக்கு உனக்குப் பல்லு இருக்குல்ல?"

இருந்தது. கடைவாய்ப் பல்லுக்கு வேர் சுத்தம் செய்யும் வைத்தியம், இரண்டாவது தடவை. அண்ணிக்காக டாக்டர் என்னையும் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தார்.

"எப்படியும் மேலதான் பாத்துக்கிட்டுக் கிடக்கப்போற," என்றாள் அண்ணி. "மீன் துள்ளுச்சுன்னா கையைத் தூக்கு."

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அந்தச் சின்ன நாற்காலியில் படுத்தேன். முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே தொங்கியது. டாக்டர் ஊசி போட்டார். உதட்டின் ஒரு பாதி என்னுடையதாக இல்லாமல் போனது. "வலிச்சா கையைத் தூக்குங்க," என்றார்.

அடுத்த அறையில் டோக்கன் மேசைக்குப் பின்னால் ஒரு அலமாரி. மீன்களுக்குச் சேதி அனுப்பும் கன்ட்ரோலர் அதற்குள்தான் இருந்தது. அண்ணி அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பை ஒரு ஒயரால் அதோடு இணைத்து வைத்துக்கொண்டு, நடுக்கதவைத் திறந்து வைத்திருந்தாள். தினமும் கிளம்பும்போது எதையெல்லாம் எந்த வரிசையில் செய்வாளோ, அதை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்வதுதான் திட்டம்.

"ஸ்டூலை விட்டு எந்திரிக்கறேன் தம்பி."

அந்த நேரம் பார்த்து டாக்டர் எதையோ தொட்டார். என் கை தானாகத் தூக்கிக்கொண்டது.

"எந்திரிச்சதுக்கேவா?" என்றாள் அண்ணி. ஸ்டூலைத் தூக்கிக் கவிழ்த்து அடியில் பார்க்கும் சத்தம் கேட்டது.

"வலிக்குதா?" என்றார் டாக்டர்.

நான் டாக்டருக்குத் தலையை ஆட்டினேன். அண்ணிக்கு இல்லை என்று கையை ஆட்டினேன். கை ஆடுவதைப் பார்த்து டாக்டர் இன்னொரு ஊசி எடுத்தார். ஆ, ஊ என்று நான் சொன்னதில் இருவரும் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டார்கள். டோக்கன் அக்காதான் வந்து வழக்கைத் தீர்த்துவைத்தாள்: "இடது கை பல்லுக்கு. வலது கை மீனுக்கு. இது தெரியாம ரெண்டு படிச்சவங்க பேசிட்டிருக்கீங்க."

மறுபடி ஆரம்பித்தோம்.

"எந்திரிச்சுட்டேன்."

மீன்கள் நீந்தின.

"மீட்டரைப் பைக்குள்ள வெச்சுட்டேன். டேப்பு, கட்டர் எல்லாம் வெச்சாச்சு."

நீந்தின. மஞ்சள் மீன் ஒன்று என் மூக்குக்கு நேர் மேலே வந்து திரும்பியது.

"லேப்டாப்பை அணைச்சுட்டேன்."

நீந்தின. டாக்டரின் கருவி என் பல்லுக்குள் எங்கோ தூரத்தில் முனகியது. எனக்கே நம்பிக்கை குறைந்தது.

"சார்ஜர் பிளக்கைப் புடுங்கறேன்."

ஏழு மீன்களும் உடைந்தன. ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில் ஒட்டிக்கொண்டது. கடல் முழுக்கப் பச்சைப் புள்ளிகள் வெடித்தன. ஒரு மூலை வெள்ளையாகத் திகைத்து நின்றது. ஆறு வயதில் இதன் கீழே படுத்திருந்தால் நானும் கடித்திருப்பேன்.

வலது கையைத் தூக்கினேன்.

"இதுக்கா?" அண்ணியின் குரல் மாறியிருந்தது. "இரு. மறுபடி சொருகறேன்."

மீன்கள் ஒன்றுசேர்ந்தன. கையை இறக்கினேன்.

"புடுங்கறேன்."

தூக்கினேன்.

"சொருகறேன்."

இறக்கினேன். அவள் பத்துத் தடவை செய்தாள். ஐந்தாவது தடவை டாக்டரும் கருவியை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். "நான் இதைச் சரியாப் பாத்ததே இல்லம்மா," என்றார். "எப்பவும் வாயைத்தானே பாக்கறேன்."

அண்ணி கதவுக்கு வந்து நின்றாள். ஒரு கை இடுப்பில், ஒரு கையில் அந்த பிளக். அதன் மூன்று முள்ளையும் விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"தரை," என்றாள்.

"எந்தத் தரை?" என்றார் டாக்டர்.

"அலமாரில இருக்கற கன்ட்ரோலருக்கு ஒரு சின்ன அடாப்டர். மேல பசங்களுக்குப் பெரிய பவர் பெட்டி. ரெண்டும் தனித்தனி வீடு டாக்டர். இந்த வீட்டுக்காரன் அஞ்சடின்னு சொன்னா, அவன் தரையிலேருந்து அஞ்சடி. அந்த வீட்டுக்காரன் அவன் தரையிலேருந்து அளக்கறான். தரை ஒண்ணா இல்லேன்னா சொல்றது ஒண்ணு, புரியறது ஒண்ணு. அதைச் சேக்கறதுக்குத்தான் ஒரு கருப்பு ஒயர் போடறது."

"போடலையா?"

"போட்டேன். ஆனா எங்கயோ சேரல." பிளக்கைத் தூக்கிக் காட்டினாள். "என் லேப்டாப்புக்கு பேட்டரி செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. எப்பவும் இதைச் சொருகித்தான் வேலை செய்வேன். கன்ட்ரோலரோட தரை லேப்டாப்புக்கு வந்து, இந்த மூணாவது முள்ளு வழியா கட்டடத்தோட எர்த்துக்குப் போய், அங்கேருந்து மேல இருக்கற பெட்டிக்குப் போய், ரெண்டு தரையும் பின்வாசல் வழியாச் சேந்துக்கிட்டிருந்திருக்கு. நான் எடுத்துட்டுப் போனதும் அந்த வழியும் போயிடுது."

டோக்கன் அக்காவுக்கு மகிழ்ச்சி. "அப்ப வேலை முடிஞ்சுது. லேப்டாப்பை இங்கயே சொருகி வெச்சுட்டுப் போங்க. செருப்பு பக்கத்துலயே வெச்சுக்கறேன்."

அண்ணி அலமாரியைப் பார்த்தாள். மணி நாலரை. அப்படியே வைத்துவிட்டுப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். மீன்கள் எரிந்திருக்கும், சனிக்கிழமை ஆளும் வந்திருக்கமாட்டான்.

"வேண்டாங்க," என்றாள். "என்னைக்காவது பெருக்கறவங்க பிளக்கைப் புடுங்குவாங்க. அந்த நேரம் பாத்து ஏதோ ஒரு பிள்ளை வாய்ல டாக்டர் விரல் இருக்கும்."

ஒயர்கள் சேரும் இடம் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடுவே, கூரைச் சதுரம் ஒன்றுக்கு மேலே. அண்ணி ஏணியைப் பார்த்து நடந்தாள். டாக்டர் முகமூடியைக் கழற்றிவிட்டு ஏணிக்கு முன்னால் வந்து நின்றார். "நான் பல்லு டாக்டர்தான். ஆனா எனக்கும் கண்ணு இருக்கு."

புதன்கிழமை கூட வந்த ஆளுக்கு அண்ணி போன் செய்தாள். அவர் வேறு ஊரில் இருந்தார். நான் பாதி உதட்டோடு எழுந்து நின்றபோது தலை சுற்றிச் சுவரைப் பிடித்தேன். அண்ணி என்னைப் பார்த்துவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தாள்.

கடை இரண்டு தெரு தள்ளித்தான். கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே வந்தான். எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவதும் அண்ணிதான், பரணில் பெட்டி எடுப்பதும் அவள்தான். அண்ணனுக்கு உயரம் ஆகாது. அது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஏணியைப் பார்த்தான். அண்ணியின் வயிற்றைப் பார்த்தான். டேப்பைக் கழற்றி என் கழுத்தில் போட்டான்.

அண்ணி மெயினை அணைத்து, யாரும் போட்டுவிடாதபடி ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டினாள். டாக்டர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் ஏணியைப் பிடித்துக்கொண்டோம்.

"ஏறிட்டேன்," என்றான் அண்ணன்.

"ரெண்டு படிதாங்க ஏறியிருக்கீங்க."

"எனக்கு இதுவே மாடி."

"கீழ பாக்காதீங்க. மேல பாருங்க."

"மேலயும் ஒண்ணும் நல்லா இல்ல."

"ஊசில நூல் கோக்கறப்ப எங்க பாப்பீங்க? அதை மட்டும் பாருங்க."

ஏறினான். ஒவ்வொரு படிக்கும் ஏணி நடுங்கியது. ஏணியா அவனா என்று சொல்ல முடியவில்லை. கூரைச் சதுரத்தைத் தூக்கி நகர்த்தி, போன் வெளிச்சத்தோடு தலையை உள்ளே விட்டான். இடுப்புக்குக் கீழேதான் எங்களுக்குத் தெரிந்தான்.

"என்னங்க தெரியுது?"

"இந்தப் பக்கத்துலேருந்து மூணு ஒயர் வருது. அந்தப் பக்கத்துலேருந்து மூணு." குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "பச்சையும் பச்சையும் சேந்திருக்கு. வெள்ளையும் வெள்ளையும் சேந்திருக்கு."

"கருப்பு?"

கூரைக்குள் போன் வெளிச்சம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்ந்தது.

"ரெண்டும் தனித்தனியா நிக்குதும்மா. ரெண்டு முனையும் அழகா உரிச்சு வெச்சிருக்க. அதோட விட்டுட்ட. காஜா எடுத்துட்டுப் பட்டன் தைக்காத மாதிரி இருக்கு."

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். தொழிற்சாலையில் ஏழு வருஷம், காண்ட்ராக்டரிடம் நாலு வருஷம். தரையைச் சேர்க்காமல் விட்டவர்களை அவள் எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும். முகம் சுருங்கிப்போனது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், ஒயர் இன்னும் அதில் இருப்பதுபோல.

"எப்படி விட்டேன்," என்றாள். "உரிச்சவ எப்படிச் சேக்காம விடுவேன்?"

மேலே அண்ணனின் கால்கள் அசையாமல் இருந்தன. பிறகு அவன் குரல் வந்தது, இந்தத் தடவை நடுக்கம் இல்லாமல்.

"கையில கட்டரோட கடைக்கு ஓடி வந்தியே, அன்னைக்கா?"

எனக்கும் ஞாபகம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு மத்தியானம். என் சட்டைக்குக் கை வைத்து வாங்கிப்போக நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி மூச்சு வாங்க வந்து நின்றாள். தலைமுடியில் கூரைத் தூசி. கையில் ஒயர் வெட்டும் கட்டர். நான் இருப்பதைக்கூட அவள் பார்க்கவில்லை. அண்ணனிடம் "அசையுதுங்க" என்று மட்டும் சொன்னாள். அவன் மெஷினை நிறுத்தினான். நான் சட்டை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

ஏணி மேல், உரித்த ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது பிள்ளை முதல் தடவையாக அசைந்திருக்கிறது. அப்படியே இறங்கி இரண்டு தெரு ஓடி வந்திருக்கிறாள். மறுநாள் திரும்பிப் போய் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தாள். எல்லாம் எரிந்தது. கூரையை மூடிவிட்டாள்.

அண்ணி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "ஆமாங்க," என்றாள். "அன்னைக்குத்தான்."

டாக்டர் ஏணியைப் பிடித்தபடியே தன் கட்டுப் போட்ட விரலைப் பார்த்தார். "அப்ப, பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே என்னைக் கடிச்சது உங்க பிள்ளைதானா?"

முதலில் சிரித்தது மேலே இருந்தவன். ஏணி ஆடியது. "சிரிக்காதீங்க, விழுந்துடுவீங்க," என்று அண்ணி அதட்டினாள். அதட்டும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணிலிருந்து வந்ததைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"பையில சின்ன கிளிப் இருக்கு. தம்பி, எடுத்து நீட்டு. என்னங்க, ரெண்டு முனையையும் அதுக்குள்ள விட்டு அழுத்துங்க. டிக்னு கேக்கணும்."

"டிக்."

"நீங்க சொல்லக்கூடாது, அது சொல்லணும்."

கேட்டது.

"இழுத்துப் பாருங்க."

"இழுத்துட்டேன். கிழிஞ்சாலும் துணிதான் கிழியும், தையல் பிரியாது."

அவன் இறங்க ஏறியதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று.

அண்ணி லேப்டாப்பை மூடி, ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்த பிறகுதான் மெயினைப் போட்டாள். மீன்கள் வந்தன. ஏழும் வந்தன. அவள் அண்ணாந்து பார்க்கவில்லை.

"நான் இருக்கறப்ப எரிஞ்சா அது கணக்குல வராது டாக்டர்," என்றாள். "நான் கிளம்பறேன்."

அரை மணி நேரம் கழித்து எப்படி இருந்தாலும் போன் செய்வதாக டோக்கன் அக்கா சொன்னாள். பழைய செருப்பையும் திருப்பிக் கொடுத்தாள். காத்திருந்த சின்னப் பெண் ஒருத்தி எங்களைத் தாண்டி உள்ளே போனாள். அண்ணி வாசற்படி தாண்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் மூவரும் உட்கார்ந்தோம். என் உதடு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அண்ணன் என் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, அவிழ்ப்பதும் சுற்றுவதுமாக இருந்தான். அண்ணி மடியில் போன். ஒரு பஸ் வந்து போனது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அடித்ததும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"எரியுதுங்க," என்றாள் டோக்கன் அக்கா. "ஒரு பல்லு முடிஞ்சு ரெண்டாவது பல்லு நடக்குது. பாப்பா வாயை மூடவே இல்ல. டாக்டர் விரல் பத்தும் பத்திரமா இருக்கு. நாளைக்கு வர்ற ஆளை வர வேண்டாம்னு என்னையே சொல்லச் சொல்லிட்டாங்க."

"மீன் எல்லாம்?"

"அதுங்க பாட்டுக்கு நீந்துது. நீங்க போனதைக்கூட கண்டுக்கல."

அண்ணி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். நீளமாக மூச்சு விட்டாள். முதுகைச் சாய்த்தாள். இத்தனை நாளில் அவள் எதிலும் முதுகு சாய்ந்து நான் பார்க்கவில்லை.

"கொஞ்சம்கூடத் தேடல பாத்தீங்களா," என்றாள். "நன்றிகெட்ட பசங்க."

"நீதானே அப்படி ஆக்கிவெச்ச," என்றான் அண்ணன்.

அடுத்த பஸ் வந்தது. காலியாகவே வந்தது. அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். அண்ணி உட்கார்ந்தே இருந்தாள்.

"இதுல கூட்டம் மாதிரி இருக்கு. அடுத்ததுல போலாங்க."

அண்ணன் காலியான பஸ்ஸைப் பார்த்தான். அவள் மடியில் கவிழ்ந்திருந்த போனைப் பார்த்தான். திரும்ப உட்கார்ந்தான்.

அடுத்த பஸ் வர இருபது நிமிஷம் ஆயிற்று. போன் அடிக்கவே இல்லை.